ஒரு கோவைக்கு இரண்டு விடையா? கணக்கைச் சரியாகப் படிக்கவும் எழுதவும் ஒரு வழிகாட்டி

8 ÷ 2(2 + 2) எவ்வளவு?

2019-இல் இந்த ஒரு வரி சமூக வலைத்தளங்களில் உலகத்தையே சுற்றி வந்தது. ஒரு தரப்பு 16 என்றது, மறு தரப்பு 1 என்றது. அதற்கு முன்பே 2011-இல் 48 ÷ 2(9 + 3) என்ற கணக்கு இதே சண்டையை மூட்டியிருந்தது. அங்கே 288-க்கும் 2-க்கும் போட்டி. இரண்டு முறையும் இரு பக்கத்திலும் கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எதிர்த்தரப்புக்காரர் பள்ளிப்பாடத்தை மறந்துவிட்டார் என்று சொல்லி இதை முடித்துவிட முடியாது.

எண்களும் குறிகளும் சேர்ந்து வரும் இப்படிப்பட்ட வரியைக் கோவை என்கிறோம். எந்தச் செயலை முதலில் செய்வது என்ற செயல்வரிசையைப் புதிதாகப் படிப்பவர்களும், என்றோ படித்துப் பாதி மறந்துபோனவர்களும் இரண்டு வேலைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். ஒன்று, கோவையைச் சரியாகப் படிப்பது. மற்றொன்று, படிப்பவருக்குச் சந்தேகமே வராதபடி எழுதுவது. தேர்வில் முதலாவதற்குத்தான் மதிப்பெண் கிடைக்கிறது. ஆனால் அன்றாட வேலையில் இரண்டாவதுதான் அதிகம் கைகொடுக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடங்கும் முன்: இந்த வரிசை எதற்கு?

2 + 3 × 4 என்ற கோவையை எடுத்துக்கொள்வோம். 3 × 4 என்பது 4 + 4 + 4 என்பதன் சுருக்கம். சுருக்கத்தை விரித்தால் 2 + 4 + 4 + 4, ஆக 14. இடமிருந்து வலமாக அப்படியே போனால் 5 × 4 = 20 வரும்; ஆனால் அப்போது அந்த 2-உம் நான்கு மடங்காகிவிடுகிறது. எழுதியவர் அதைக் கேட்கவில்லை.

இன்னும் நல்ல காரணம் நாம் எண்களை எழுதும் முறையிலேயே இருக்கிறது. 347 என்பதை விரித்தால் 3 × 10² + 4 × 10 + 7. அடுக்கை முதலில் பார்த்து, அப்புறம் பெருக்கி, கடைசியில் கூட்ட வேண்டும். இந்த வரிசையை ஏற்றுக்கொண்டால் அடைப்புக்குறி ஒன்றுகூட வேண்டியதில்லை. இயற்கணிதத்திலும் இதே கதைதான்: 5க² + 3க + 2 என்று சுருக்கமாக எழுத முடிவது இந்த ஏற்பாட்டால்தான். இல்லையென்றால் (5 × (க²)) + (3 × க) + 2 என்று ஒவ்வொரு முறையும் வேலி கட்டிக்கொண்டிருக்க வேண்டும். 1600-களில் இயற்கணிதக் குறியீடுகள் வளர்ந்தபோது இந்த வழக்கமும் கூடவே வேரூன்றியது. ஒருவர் உட்கார்ந்து சட்டம் போட்டு வந்ததல்ல.

அதனால் வேறு ஏற்பாடும் செய்துகொள்ளலாம், செய்தும் இருக்கிறார்கள். ஸ்மால்டாக் என்ற நிரல்மொழி எல்லாவற்றையும் இடமிருந்து வலமாகவே செய்யும். அங்கே 2 + 3 × 4 என்பதன் விடை 20. கென்னத் ஐவர்சன் உருவாக்கிய ஏபிஎல் மொழியில் எல்லாச் செயல்களுக்கும் ஒரே தகுதி, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 10 − 5 − 2 என்றால் அங்கே 7. இவை எதுவும் தவறல்ல. எண்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். எழுதுபவரும் படிப்பவரும் செய்துகொண்ட உடன்பாடுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எதுவும் குழப்பாது.

படி 1: நான்கு தட்டுகளாகப் பிரியுங்கள்

பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொண்ட வரிசை இது. முதல் தட்டில் அடைப்புக்குறிக்குள் இருப்பவை. அடைப்புக்குள் அடைப்பு இருந்தால் உள்ளிருந்து வெளியே வர வேண்டும். இரண்டாம் தட்டில் அடுக்குகளும் மூலங்களும். மூன்றாம் தட்டில் பெருக்கலும் வகுத்தலும் சேர்ந்து. நான்காம் தட்டில் கூட்டலும் கழித்தலும் சேர்ந்து.

"சேர்ந்து" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். செயல்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் போட்மாஸ் என்று மனப்பாடம் செய்தவர்கள் அதில் வகுத்தல் முன்னால் வருவதால் வகுத்தலுக்கு முதலிடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெம்டாஸ் என்று படித்தவர்களுக்குப் பெருக்கல் முன்னால் வருகிறது. அவர்கள் பெருக்கலுக்கு முதலிடம் தருகிறார்கள். எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தானே அடுக்க முடியும், அதனால் வந்த வினை. இரண்டு சூத்திரங்களும் சொல்ல வருவது ஒன்றேதான்: பெருக்கலும் வகுத்தலும் சமம், கூட்டலும் கழித்தலும் சமம்.

படி 2: ஒரே தட்டில் இருந்தால் இடமிருந்து வலம்

18 − 6 + 4 என்பதில் "கூட்டல் முதலில்" என்று 6 + 4 = 10 போட்டு 8 என்று முடிப்பவர்கள் ஏராளம். சரியான விடை 16. காரணம் எளிது: கழித்தல் என்பது குறை எண்ணைக் கூட்டுவதுதான். 18 + (−6) + 4 என்று எழுதிப் பாருங்கள். அந்தக் குறி 6-க்கு மட்டும் சொந்தம், 4-க்கு அதில் பங்கில்லை. வகுத்தலும் இப்படியே, தலைகீழியால் பெருக்குவது. 36 ÷ 6 × 2 என்றால் 36 × ⅙ × 2, அதாவது 12.

கழித்தலைக் குறை எண்ணாகவும் வகுத்தலைத் தலைகீழியாகவும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே பெருமளவு போய்விடும். ஒவ்வோர் எண்ணையும் அதன் இடப்பக்கம் ஒட்டியிருக்கும் குறியோடு சேர்த்துப் படியுங்கள், போதும்.

இப்போது ஒரு கோவையை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்:

20 − 3 × (7 − 5)² + 12 ÷ 4 × 2

அடைப்புக்குள் 7 − 5 = 2. அதன் அடுக்கு 2² = 4. மூன்றாம் தட்டில் இரண்டு தனித்தனித் துண்டுகள் இருக்கின்றன. 3 × 4 = 12 என்பது ஒன்று. 12 ÷ 4 × 2 மற்றொன்று; இடமிருந்து வலம் போனால் 3 × 2 = 6. மிச்சம் 20 − 12 + 6. விடை 14.

இதே கோவையில் எங்கே கால் இடறும் என்பதையும் பாருங்கள். 4 × 2-ஐ முதலில் பெருக்கியவருக்கு 12 ÷ 8 = 1.5 ஆகி 9.5 வரும். 12 + 6-ஐ முதலில் கூட்டியவருக்கு 2 வரும். இரண்டையும் சேர்த்துச் செய்தவருக்கு 6.5. வேறு விடை சொன்னவரிடம் "தப்பு" என்று சொல்வதைவிட, அவருடைய எண்ணை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் பிரிந்தார் என்று கண்டுபிடித்துச் சொல்வது நல்லது. சொல்லித்தருபவர்களுக்கு இது பெரிய ஆயுதம். விடைத்தாளில் 9.5 என்று பார்த்த உடனே அந்தப் பிள்ளை எதைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று தெரிந்துவிடும்.

ஒரு விலக்கு உண்டு. அடுக்குக்கு மேல் அடுக்கு வந்தால் மேலிருந்து கீழே வர வேண்டும். அடுக்கை ^ குறியால் காட்டினால், 2^3^2 என்பதை 2^9 என்று படித்து 512 என்பார்கள் கணிதத்தில். இடமிருந்து வலம் போனால் 8² = 64. ஏன் மேலிருந்து? (2^3)^2 வேண்டுமென்றால் 2^6 என்று நேராகவே எழுதிவிடலாமே. குறியீட்டை வீணாக்காமல் மற்றப் பொருளுக்கு விட்டுவைத்தார்கள்.

படி 3: அடுக்குக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி

−3² எவ்வளவு? கணித வழக்கில் −9. அடுக்கு 3-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறது, குறி அப்புறம்தான். −3 என்ற எண்ணையே வர்க்கமாக்க வேண்டுமென்றால் (−3)² என்று எழுத வேண்டும், விடை 9.

இதை ஏன் தனிப் படியாக வைக்கிறேன் என்றால், எக்செல் என்ற விரிதாள் செயலி இதில் வேறு உடன்பாட்டில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் =5-3^2 என்று தட்டுங்கள், −4 வரும். பக்கத்துக் கட்டத்தில் அதையே இடம் மாற்றி =-3^2+5 என்று தட்டுங்கள். 14 வரும். முதல் வரியில் இருப்பது கழித்தல். இரண்டாவதில் இருப்பது எண்ணின் முன்குறி என்று எக்செல் பிரித்துப் பார்க்கிறது, முன்குறிக்கு அடுக்கைவிட மேல் தட்டைத் தருகிறது. கணிதத்தில் இரண்டும் −4-தான். பைத்தான் என்ற நிரல்மொழி −3²-க்குக் கணித வழக்கின்படியே −9 தரும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி இதை இன்னும் கறாராகக் கையாள்கிறது: முன்குறியோடு அடுக்கு வந்து அடைப்புக்குறி இல்லாவிட்டால் கணக்கே போடாமல் பிழை என்று நிறுத்திவிடும். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது. சந்தேகம் இருக்கும் இடத்தில் ஊகித்து ஒரு விடையை நீட்டுவதைவிட, எழுதியவரிடமே திருப்பிக் கேட்பது நேர்மை.

அதனால் விரிதாளில் குறை எண்ணோடு அடுக்கு வந்தால், அடைப்புக்குறி போடாமல் எண்டர் விசையைத் தொடாதீர்கள்.

படி 4: குறியில்லாத பெருக்கல் இருக்கிறதா என்று பாருங்கள்

இதுதான் சண்டைகளின் ஊற்றுக்கண். 8 ÷ 2(2 + 2) என்பதில் 2-க்கும் அடைப்புக்கும் நடுவே பெருக்கல் குறி இல்லை. அருகருகே நிறுத்தியதே பெருக்கல் என்று புரிந்துகொள்கிறோம். கேள்வி என்னவென்றால், இந்த ஒட்டிய பெருக்கல் சாதாரணப் பெருக்கலோடு ஒரே தட்டிலா, அல்லது கொஞ்சம் மேலேயா?

ஒரே தட்டு என்பவர்களின் வாதம்: குறி எழுதப்படவில்லை என்றாலும் அது பெருக்கல்தான். எழுதிவிட்டுப் பாருங்கள், 8 ÷ 2 × 4. இடமிருந்து வலம், 16.

மேல் தட்டு என்பவர்களின் வாதத்தை, அவர்கள் பக்கம் இல்லாதவர்களும் ஒரு நிமிடம் நிதானமாகக் கேட்க வேண்டும். 12க ÷ 3க எவ்வளவு? யாரைக் கேட்டாலும் 4 என்பார்கள். குறியை நடுவில் போட்டு 12 × க ÷ 3 × க என்று இடமிருந்து வலம் போனால் 4க² வர வேண்டும். அப்படி யாரும் படிப்பதில்லை. 3க என்பதை ஒற்றை உருப்படியாகத்தான் கண் பார்க்கிறது. அப்படியானால் 2(2 + 2) மட்டும் ஏன் பிரிய வேண்டும்? 8 ÷ 8, விடை 1.

இரண்டு வாதங்களிலும் ஓட்டை இல்லை. உடன்பாடுதான் இங்கே முழுமையாக இல்லை. இது இணையத்தில் முளைத்த பிரச்சினையும் அல்ல: கணிதக் குறியீடுகளின் வரலாற்றை எழுதிய ஃப்ளோரியன் கஜோரி, ஒரே உறுப்பில் ÷, × இரண்டும் வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை என்று 1928-லேயே பதிவு செய்திருக்கிறார். ஃபிசிக்கல் ரிவ்யூ என்ற இயற்பியல் ஆய்விதழின் எழுத்துநடைக் கையேடு, சாய்கோட்டால் (/) வகுக்கும்போது பெருக்கலை வகுத்தலுக்கு முன்னால் வைக்கச் சொல்கிறது. பள்ளிப் பாடநூல்களோ இரண்டையும் சமம் என்கின்றன. கால்குலேட்டர் நிறுவனங்களும் ஒரே பக்கம் நின்றதில்லை: டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஐ-82 ஒட்டிய பெருக்கலுக்கு முன்னுரிமை தந்தது, அடுத்து வந்த டிஐ-83 அதைச் சமமாக்கிவிட்டது. ஒரே நிறுவனம், அடுத்தடுத்த மாடல், வெவ்வேறு விடை.

÷ என்ற குறியையே குற்றம் சொல்பவர்களும் உண்டு, அதில் நியாயம் இருக்கிறது. 1659-இல் யோஹான் ரான் என்பவரின் இயற்கணித நூலில் அச்சேறிய இந்தக் குறி, வகுத்தலுக்கு வேண்டாம் என்றே ஐஎஸ்ஓ 80000-2 என்ற சர்வதேசத் தரநிலை சொல்கிறது. குறிக்குப் பின்னால் எதுவரை வகுத்தியாகக் கொள்வது என்பதை அது காட்டுவதில்லை. கிடைக்கோடு போட்ட பின்னம் அப்படியல்ல. கோட்டுக்கு மேலே இருப்பது முழுக்கத் தொகுதி, கீழே இருப்பது முழுக்கப் பகுதி. 8-ஐ மேலே வைத்து 2(2 + 2)-ஐக் கீழே வைத்துவிட்டால் 16 என்று சொல்ல ஆள் இருக்காது.

ஆகவே யாராவது இப்படி ஒரு கோவையை நீட்டி விடை கேட்டால் என்ன செய்வது? ஏதாவது பாடநூலில் இருந்தால் அந்த நூல் எந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது என்று அதன் தீர்த்த கணக்குகளைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். உண்மையான வேலையிலிருந்து வந்ததென்றால் எழுதியவரிடம் கேளுங்கள், அல்லது அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்று பாருங்கள்; பெரும்பாலும் ஒரு பொருள்தான் பொருந்தும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் தனியாக மிதக்கும் புதிர் என்றால், "இரண்டு விதமாகப் படிக்கலாம், இப்படிப் படித்தால் 16, அப்படிப் படித்தால் 1" என்பதே முழுமையான விடை. அதைச் சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாச் சண்டையும் இந்த வகை அல்ல. 18 − 6 + 4 = 8 என்று ஒருவர் சொன்னால் அது வெறும் தவறு; அங்கே உடன்பாடு தெளிவாக இருக்கிறது. "எல்லாம் பார்வையைப் பொறுத்தது" என்று அதையும் விட்டுவிடக் கூடாது. இன்றைய கணித வழக்கில் அடைப்புக்குறி, அடுக்கு, குறியோடு எழுதிய நான்கு செயல்கள், இவை வரை விதி உறுதி. வகுத்தலுக்குப் பின்னால் ஒட்டிய பெருக்கல் வந்தால் மட்டுமே தரை நழுவுகிறது.

படி 5: கையில் இருக்கும் கருவியைச் சோதியுங்கள்

புதுக் கால்குலேட்டரோ செயலியோ கைக்கு வந்தால் முதலில் நான்கு கோவைகளைத் தட்டிப் பாருங்கள். 2 + 3 × 4 கொடுத்தால் 14 வருகிறதா, 20 வருகிறதா? எளிய மேசைக் கால்குலேட்டர்கள் தட்டத் தட்டக் கணக்கிட்டுக்கொண்டே போவதால் 20 தரும். விண்டோஸ் கால்குலேட்டரில் ஸ்டாண்டர்டு வகையில் 20, சயின்டிஃபிக் வகையில் 14. அடுத்து 6 ÷ 2(1 + 2): 9 வந்தால் உங்கள் கருவி சமத் தட்டு, 1 வந்தால் மேல் தட்டு. கேசியோவின் புதிய சில மாடல்கள் இதைத் தட்டியதும் தாமாகவே 6 ÷ (2(1 + 2)) என்று அடைப்புக்குறி சேர்த்துத் திரையில் காட்டிவிட்டு விடை தருகின்றன. எப்படிப் புரிந்துகொண்டது என்பதை மறைக்காமல் காட்டுவது நல்ல வழக்கம். மூன்றாவது −3². நான்காவது 200 + 10%: பல கைபேசிக் கால்குலேட்டர்கள் 220 என்று தரும், எக்செல் 200.1 தரும். முன்னது 200-இல் 10 சதவீதத்தைக் கூட்டுகிறது. பின்னது 10% என்பதை வெறும் 0.1 என்ற எண்ணாகப் பார்க்கிறது.

நிரல்மொழிகளில் 2(3) என்று ஒட்டி எழுதவே பொதுவாக விடாது, பெருக்கல் குறியை நீங்களே போட்டாக வேண்டும். அந்தப் பிரச்சினை அதோடு தீர்ந்தது. பைத்தானில் ^ குறி அடுக்கு அல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அங்கே 2^3 என்றால் 1 வரும், அது பிட்டுகளின் மீது செய்யும் வேறு செயல்.

படி 6: நீங்கள் எழுதும்போது

பின்னத்தை ஒரே வரியில் தட்டும்போதுதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. காகிதத்தில் கோடு போட்டால் அந்தக் கோடே அடைப்புக்குறியின் வேலையைச் செய்துவிடும். விசைப்பலகையில் சாய்கோடாக மாறும்போது அந்தக் காவல் போய்விடுகிறது. 10, 20, 30 மூன்றின் சராசரிக்கு =10+20+30/3 என்று எக்செல்லில் தட்டினால் 40 வரும். 30 மட்டும் மூன்றால் வகுபட்டிருக்கிறது. =(10+20+30)/3 என்று தட்டினால்தான் 20. தொகுதியில் கூட்டலோ கழித்தலோ இருந்தால் அதற்கு ஓர் அடைப்பு. பகுதியில் ஒரு எண்ணுக்கு மேல் எது இருந்தாலும் அதற்கும் ஓர் அடைப்பு. மூலக்குறியை ஒரு வரியில் எழுதும்போதும் இப்படியே.

சாய்கோட்டுக்குப் பின்னால் பெருக்கலைத் தொங்க விடாதீர்கள். 1/2க என்பதைப் பாதி க என்றும் படிக்கலாம், 2க-இன் தலைகீழி என்றும் படிக்கலாம். முன்னது வேண்டுமென்றால் க/2, பின்னது வேண்டுமென்றால் 1/(2க). ஒரே வரியில் இரண்டு சாய்கோடுகளை அடைப்பில்லாமல் போடுவதும் வேண்டாம்.

அதற்காக எல்லாவற்றுக்கும் அடைப்புக்குறி போட்டால் படிப்பவர் திணறிப்போவார். 2 + (3 × 4) என்பதில் அடைப்பு தேவையில்லை. சந்தேகம் வரக்கூடிய இடத்தில் மட்டும் போடுங்கள். ரொம்ப நீண்டுவிட்டால் இரண்டு வரியாக உடைத்து, நடுவில் வரும் மதிப்புக்கு ஒரு பெயர் வையுங்கள்.

வாய்மொழிக் கணக்கிலும் இது வரும். "ஓர் எண்ணின் இரு மடங்குடன் மூன்றைக் கூட்டு" என்றால் 2க + 3. "ஓர் எண்ணுடன் மூன்றைக் கூட்டி இரு மடங்காக்கு" என்றால் 2(க + 3). வினைகள் வரும் வரிசையிலேயே செயல்களைச் செய்துகொண்டு போனால் அடைப்பு எங்கே விழும் என்று தெரிந்துவிடும்.

அடைப்புக்குறியே வேண்டாத எழுத்துமுறையும் இருக்கிறது, ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம். போலந்துத் தர்க்கவியலாளர் யான் வூகாஷேவிச்சின் குறியீட்டைத் திருப்பிப்போட்ட முறை அது. 1972-இல் வந்த எச்பி-35 கால்குலேட்டர் அதில்தான் இயங்கியது. எண்களை முதலில் தந்து செயலைப் பின்னால் சொல்வார்கள். 8 2 ÷ 2 2 + × என்று தட்டினால் 16. 8 2 2 2 + × ÷ என்று தட்டினால் 1. தட்டும்போதே எது வேண்டும் என்று முடிவு செய்துவிட வேண்டியிருப்பதால் இரட்டைப் பொருளுக்கு இடமே இல்லை.

செய்து பாருங்கள்

4 + (−2)² × 3 − 5 என்பதன் விடை 11. அதில் அடைப்பை எடுத்து 4 − 2² × 3 − 5 என்று மாற்றினால் −13. இரண்டும் எப்படி வந்தன என்று ஒவ்வொரு வரியாக எழுதிப் பாருங்கள்.

100 ÷ 5க, இதில் க = 4. இதற்கு 5 என்றும் வரலாம், 80 என்றும் வரலாம். இயற்கணிதப் பாடத்தில் வந்தால் 5 என்று படிப்பதே பெரும்பாலோர் வழக்கம். ஆனால் நீங்கள் எழுதுவதாக இருந்தால் 100/(5க) அல்லது (100/5)க, எது வேண்டுமோ அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

கடைசியாக, க + 6-ஐக் கோட்டுக்கு மேலேயும் க − 2-ஐக் கீழேயும் வைத்த பின்னத்தை விரிதாளில் ஒரே வரியாகத் தட்டி, க-வுக்கு 10 கொடுங்கள். 2 வந்தால் சரி. 8.6 வந்தால் இரண்டு அடைப்புகளும் விட்டுப்போயிருக்கின்றன.